போஸ்டர் ஏன் எப்போதும் முந்தின ராத்திரிதான் முடிகிறது

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் மீனவர்களோடும் கடல்பாசி எடுக்கும் பெண்களோடும் வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனத்தின் ஊடகப் பிரிவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நாலு பேர் இருக்கிறீர்கள்: எழுத ஒருவர், டிசைனுக்கு ஒருவர், படம்பிடித்து எடிட் செய்ய ஒருவர், எல்லோரையும் மேய்க்க நீங்கள். போஸ்டர், வீடியோ, செய்திமடல், அறிக்கைக்கான படங்கள் என்று எல்லாமே கடைசி நேரத்தில்தான் முடிகிறது, ஆளாளுக்கு ராத்திரி கண்முழிக்கிறார்கள், கேட்ட படம் கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. மாதச் சந்தா கட்டி வேலைகளைக் கண்காணிக்கிற ஒரு சாஃப்ட்வேர் வாங்கலாமா, எடிட்டிங்குக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கலாமா, டிரைவ்களில் குவிந்து கிடக்கிற பழைய படங்களை என்ன செய்வது என்று மூன்று கேள்வி.

முதல் இரண்டுக்கும் பதில், இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கடைசியாக முடித்த ஒரு போஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பாசி வளர்ப்புப் பயிற்சிக்கான போஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். அது முதன்முதலில் யார் வாயில் வந்தது, எந்தக் கிழமை, அங்கிருந்து அச்சுக்குப் போகிற வரை என்ன நடந்தது என்று வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தே எழுதிவிடலாம். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: களப்பணியாளர் போகிற போக்கில் டிசைனரிடம் "ஒரு போஸ்டர் வேணும்ணே" என்று சொல்லியிருப்பார். இரண்டு நாள் கழித்து, கையால் எழுதிய தாளை போட்டோ எடுத்து அனுப்பியிருப்பார். அதில் தேதி இருக்கும், நேரம் இருக்காது. நேரத்தைக் கேட்டு வாங்க ஒரு நாள். டிசைன் முடிந்து செயலாளருக்குப் போயிருக்கும், அவர் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் கூட்டத்தில் இருந்திருப்பார், மறுநாள் சாயங்காலம் மூன்று நிமிஷ வாய்ஸ் மெசேஜில் திருத்தம் சொல்லியிருப்பார். அதைத் திருத்தி முடித்த பிறகு திட்ட அலுவலர் வந்து "நிதி கொடுத்தவங்க லோகோ எங்கே?" என்று கேட்டிருப்பார். பத்து நாள் இழுத்த அந்த வேலையில் டிசைனர் உண்மையாகவே கை வைத்த நேரம் மூன்று மணி நேரம் இருந்தால் பெரிது.

மீதி அத்தனையும் காத்திருப்பு, தேடல், திரும்பச் செய்தல். கம்ப்யூட்டரை இரண்டு மடங்கு வேகமாக்கினால் அந்த மூன்று மணி நேரம் இரண்டரை ஆகலாம், பத்து நாள் பத்து நாளாகவேதான் இருக்கும். அதனால்தான் வேண்டாம் என்றேன். வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிற இடத்தில்தான் எல்லாம் சிக்குகிறது, அந்த இடங்களைச் சரிசெய்த பிறகு சாஃப்ட்வேர் வாங்கினால் பயன்படும், அதற்கு முன் வாங்கினால் அதே குழப்பத்தை அழகான கட்டம் கட்டமாகப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

முதல் கைமாற்றம், வேலை உள்ளே வருகிற வாசல். வாய்மொழியாக வருகிற எந்த வேலையையும் எடுக்காதீர்கள். இது திமிராகத் தெரியும், முதல் மாதம் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. விசைப்படகு மீன்வளத்துறை டோக்கன் வாங்காமல் கடலுக்குப் போக முடியாதில்லையா, அதே மாதிரி ஒரு சின்னப் படிவம். கூகுள் ஃபார்மில் செய்தால் காசு செலவில்லை. யாருக்காக, அவர்கள் இதைப் பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும், எங்கே ஒட்டப்படும் அல்லது எதில் போகும், என்றைக்கு வேண்டும், யார் ஒருவர் சரி சொன்னால் போதும், சரிபார்த்த முழு உரை, எந்தெந்த லோகோ. இவ்வளவுதான். உரை முழுமையாக இல்லையென்றால் வேலை இன்னும் வரவில்லை என்றே அர்த்தம். "டிசைனை ஆரம்பிங்க, மேட்டர் பின்னாடி தர்றேன்" என்பதுதான் ஊடகப் பிரிவுகளை அதிகம் சாகடித்த வாக்கியம் என்பது என் கருத்து. நாலு வரி வரும் என்று நினைத்துப் போட்ட டிசைனில் பதினாலு வரி வந்து உட்காரும், பிறகு எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும்.

யார் சரி சொல்வது என்பதற்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். நம் கரையோரத்தில் இது லேசான விஷயம் இல்லை, தெரியும். ஒரு கிராமத்து நிகழ்ச்சி என்றால் கிராமத் தலைவர் பார்க்க வேண்டும், சில ஊரில் பங்குத்தந்தை, சில ஊரில் ஜமாத், மகளிர் குழுத் தலைவி, கூடவே உங்கள் செயலாளர். எல்லோரும் பார்க்கட்டும், யாரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேரின் திருத்தத்தையும் வாங்கி, ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் பேசித் தீர்த்து, ஒரே தாளாக டிசைனரிடம் தருகிற பொறுப்பு அந்த ஒருவருடையது. டிசைனர் ஐந்து பேரிடம் நேரடியாகத் திருத்தம் வாங்கினால், மூன்றாம் ஆள் மாற்றச் சொன்னதை ஐந்தாம் ஆள் பழையபடி ஆக்கச் சொல்வார், அந்தப் பையனும் ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருப்பான். இரண்டு சுற்றுத் திருத்தம் என்று வரம்பு வைத்துவிடுங்கள். முதல் சுற்றில் உள்ளடக்கம், இரண்டாவதில் எழுத்துப்பிழையும் எண்களும் மட்டும். இரண்டாவது சுற்றில் "கலரை மாத்தினா நல்லா இருக்குமே" என்று வந்தால் அடுத்த போஸ்டருக்கு எடுத்துக்கொள்வோம் என்று சிரித்தபடி சொல்லிவிடலாம்.

வாய்ஸ் மெசேஜில் திருத்தம் வருவதைத் தடுக்க முடியாது, செயலாளர்கள் தட்டச்சு செய்ய மாட்டார்கள். எனவே வழி இது: அந்த மெசேஜைக் காதால் கேட்டவர் அதை எழுத்தில் அடித்து, ஒன்று இரண்டு என்று எண் போட்டு, திருப்பி அனுப்பி, "இவ்வளவுதானே?" என்று கேட்டு, "சரி" என்ற பதில் வந்த பிறகே ஃபைலைத் திறக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. நீங்கள் கேட்டது ஒன்று, நான் செய்தது ஒன்று என்கிற சண்டை பாதி இதிலேயே போய்விடும்.

அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருவர், டிசைன் செய்யாத ஒருவர், கடைசியாகப் பார்க்க வேண்டும். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரை எடுத்துப் பாருங்கள். போஸ்டரில் இருக்கிற போன் நம்பரைப் போஸ்டரைப் பார்த்தே டயல் செய்து, மணி அடிக்கிறதா என்று பாருங்கள், நினைவிலிருந்து அல்ல. ஆட்களின் இனிஷியலைக் கேட்டு உறுதி செய்யுங்கள், நம் ஊரில் இனிஷியல் தப்பாகிவிட்டால் மேடையிலேயே மனத்தாங்கல் வந்துவிடும்.

இனி தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே இருக்கிற ஒரு தலைவலி. பொதுவாக இந்த மாதிரி ஆலோசனைகளில் யாரும் இதைப் பேசுவதில்லை, ஆனால் நான் பார்த்த வரை நேரம் கசிகிற பெரிய ஓட்டை இதுதான். உங்கள் எழுத்தாளர் போனிலோ லேப்டாப்பிலோ யூனிகோடில், அதாவது எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற பொதுக் குறியீட்டில், அடிக்கிறார். டிடிபி பழகிய டிசைனர் பாமினியோ வானவில்லோ வேறு ஏதோ பழைய எழுத்துருவோ வைத்திருக்கிறார். அவற்றில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பதுதான், அதனால் யூனிகோட் உரையை அங்கே ஒட்டினால் அந்த எழுத்துரு ஏற்காது, அங்கே அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். விளைவு என்ன? எழுத்தாளர் அடித்து, சரிபார்த்து, பிழை திருத்திக் கொடுத்த உரையை டிசைனர் பார்த்துப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து அடிக்கிறார். அங்கேதான் "மீனவர்"க்கு ஒரு புள்ளி போகிறது, ஒற்று விழுகிறது, போன் நம்பரில் ஓர் எண் இடம் மாறுகிறது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, நீங்களும் ஒரே நாளில் மாறிவிடுங்கள்: ஒருமுறை அடித்த உரை அதற்குப் பிறகு நகலெடுத்து ஒட்டப்படும், மறுபடி யாரும் அடிக்கக் கூடாது.

மாறும்போது டிசைனர் ஒரு குறை சொல்வார், அது நியாயமான குறை: "ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் உடையுதுங்க." கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், 'கொ' என்று அடித்தால் மூன்று துண்டாகக் கிடக்கும். அதற்குக் காரணம் எழுத்துரு இல்லை, அமைப்புத்தான். 2022-க்கு முந்தைய ஃபோட்டோஷாப் என்றால், பிரிஃபரன்சஸில் டைப் என்ற பகுதிக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் பழைய பதிப்பு என்றால் அது மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்று இருக்கும். மூடித் திறந்து, புது ஃபைலில் அடித்துப் பாருங்கள். இன்டிசைனில் பாராகிராஃப் பகுதியில் அடோபி வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வரைவடிவமாக, மாற்றி பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், அவர்கள் கம்ப்யூட்டரில் என்ன எழுத்துரு இருக்கிறது என்ற கவலையே வேண்டாம். அவுட்லைன் ஆக்குவதற்கு முந்தைய ஃபைலைத் தனியாகப் பத்திரப்படுத்த மறக்கக் கூடாது, அடுத்த வருஷம் தேதியை மட்டும் மாற்றச் சொல்வார்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை வேலை கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல் நிரூபித்த ஒரு எளிய கணக்கு இருக்கிறது: கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளைக்கு முடிகிற எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் இழுக்கும் என்று வரும். டிசைனரிடம் இருபது வேலை கிடக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு முடிக்கிறார் என்றால் சராசரியாகப் பத்து நாள். யார் கத்தினாலும் பத்து நாள்தான், கத்தியவர் வேலை முன்னால் போனால் கத்தாதவர் வேலை பின்னால் போகும். குறைக்க வேண்டுமென்றால் கையில் இருப்பதைக் குறைக்க வேண்டும். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் வந்தது, செய்வது, பார்வைக்குப் போனது, முடிந்தது என நாலு பத்தி. 'செய்வது' பத்தியில் ஆளுக்கு இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. திங்கட்கிழமை காலையில் நின்றபடியே கால் மணி நேரம் அதன் முன் பேசுங்கள். 'பார்வைக்குப் போனது' பத்தியில்தான் எல்லாம் குவிந்து கிடக்கும், பாருங்கள், அங்கே செயலாளரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். எதுவும் சொல்ல வேண்டாம், அவரே பார்ப்பார்.

பாதி அவசரங்கள் அவசரமே இல்லை, வருஷா வருஷம் அதே நாளில் வருபவை. கிழக்குக் கரை மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். சதுப்புநிலக் காடுகள் தினம் ஜூலை 26. மீனவர் தினம் நவம்பர் 21. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பிப்ரவரி அல்லது மார்ச்சில் வந்துவிடும். இதற்கெல்லாம் ஒரு மாதம் முன்பே உரை தயாராகிவிட வேண்டும். படப்பிடிப்பையும் இப்படித்தான் திட்டமிட வேண்டும், கடல் நம் அட்டவணைக்கு வராது. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது நம் தென்கடல், கலங்கி அலையடித்துக் கிடக்கும், தண்ணீருக்கடியில் பாசியும் பவளப்பாறையும் எடுக்கப் போனால் பால் மாதிரி வெள்ளையாகத்தான் வரும். வாடைக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கம், அதாவது வடகடலில், அந்த நிலை. தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகிற காட்சி கிடைக்காது, ஆனால் ஆட்கள் கரையில் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டே நிதானமாகப் பேசுவார்கள், பேட்டிகளுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரித்துக்கொண்டு கடலுக்குப் போவதால், எந்த நாள் யார் போகிறார்கள் என்று முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் வெறும் படகுத்துறையைத்தான் எடுத்துவிட்டு வருவீர்கள். ட்ரோன் வைத்திருந்தால் இன்னொன்று: உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது, சர்வதேச எல்லையும் பக்கம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடவே கூடாது.

உண்மையான அவசரம் வேறு. வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாகி, பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்றால், அப்போது உங்கள் இரண்டு சுற்றுத் திருத்தம் எல்லாம் செல்லாது. இதற்குத் தனி வழி வேண்டும், மழைக்காலத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். கூண்டு எண் 1 முதல் 11 வரை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம், மீனவர் என்ன செய்ய வேண்டும் என்ற வாசகத்தை இப்போதே எழுதி, துறைமுகத்திலோ மீன்வளத்துறையிலோ விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, எண்ணும் நேரமும் மட்டும் காலியாக வைத்து வார்ப்புரு செய்துவிடுங்கள். தகவல் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பிலிருந்தோ, அலைச் சீற்றம் பற்றியது என்றால் ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அறிவிப்பிலிருந்தோ மட்டுமே எடுக்கப்படும், எந்த யூடியூபரிடமிருந்தும் அல்ல. வெளியிட அனுமதி இரண்டே பேருக்கு, அவர்களில் ஒருவர் கிடைத்தால் போதும். ரொம்ப முக்கியமானது, அந்தப் படத்துக்குள்ளேயே பெரிய எழுத்தில் வெளியிட்ட தேதி, நேரம், எதுவரை செல்லும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். படத்துக்குக் கீழே எழுதினால் ஃபார்வர்டு ஆகும்போது அது உதிர்ந்துவிடும், படம் மட்டும் சுற்றும். போன வருஷத்துப் புயல் எச்சரிக்கை இந்த வருஷம் குரூப்பில் வந்து, அதை நம்பி ஒருநாள் தொழிலை விட்டவர், அடுத்தமுறை உண்மையான எச்சரிக்கை வரும்போது "இதுவும் பழசாத்தான் இருக்கும்" என்று கிளம்பிவிடுவார். கடைசி வரியாக ஒலி: இதே வாசகத்தைப் படித்து ஒரு நிமிஷ ஆடியோவாகவும் அனுப்புங்கள், படகில் இருப்பவர் போஸ்டரைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். பாம்பனில் 90.4-இல் கடல் ஓசை சமுதாய வானொலி 2016-இலிருந்து இருக்கிறதே, நம் ஆட்கள் காதால் கேட்கிறவர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

வீடியோவுக்கு வருகிறேன். எடிட்டர் திணறுவதற்குக் கம்ப்யூட்டர் காரணம் என்று சொல்லியிருக்கிறீர்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்த 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். அதை அப்படியே எடிட் செய்ய நினைத்தால் எந்த நடுத்தரக் கம்ப்யூட்டரும் முக்கும். ப்ராக்ஸி போட்டு எடிட் செய்யச் சொல்லுங்கள்: சாஃப்ட்வேரே ஒவ்வொரு ஃபைலுக்கும் சின்ன நகல் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும், வெட்டுவது ஒட்டுவது எல்லாம் அந்தச் சின்ன நகலில், கடைசியில் வெளியே எடுக்கும்போது மட்டும் அசல். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி இருக்கிறது. ப்ராக்ஸி தயாராவதை ராத்திரி ஓடவிட்டு வீட்டுக்குப் போகலாம். செயலாளருக்குப் பார்க்க அனுப்புவதும் சின்ன நகலையே, ஓரத்தில் நேரம் ஓடுகிற எண்களோடு. அப்போதுதான் "நடுவுல ஒரு அம்மா பேசுறாங்கல்ல, அதுக்கு அப்புறம்" என்று சொல்லாமல் "2 நிமிஷம் 14 நொடி" என்று சொல்வார்.

அரைமணி நேரப் பேட்டி போகப் போக உதட்டுக்கும் குரலுக்கும் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது போனில் எடுத்தது, சரியா? போன்கள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைப்பதில்லை, வெளிச்சத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கும். தனி மைக்கில் பதிந்த ஒலி சீராக ஓடும், இரண்டும் மெதுவாக விலகும். எடிட்டிங்கில் போடும் முன் ஹேண்ட்பிரேக் மாதிரி ஓர் இலவசக் கருவியில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள், தீர்ந்தது. எல்லாக் கேமராவையும் நொடிக்கு 25 ஃபிரேமில் வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் ஐம்பதில் ஒன்று வைத்தால் ஏலக்கூட ட்யூப்லைட்டில் பட்டை ஓடாது. மைக்குக்குப் பஞ்சு முடி (காற்றுத்தடுப்பு) மாட்டாமல் கடற்கரையில் பேட்டி எடுக்க வேண்டாம், கச்சானை எந்த சாஃப்ட்வேரும் முழுசாகக் கழுவாது.

அப்புறம், அட்டையிலிருந்து அலமாரிக்கு. கேமரா கார்டு இரண்டு இடத்தில் நகலாகி, இரண்டையும் திறந்து பார்க்கும் வரை அழிக்கக் கூடாது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில், இது உலகம் முழுக்க சொல்கிற 3-2-1 கணக்கு. நம் விஷயத்தில் வேறு ஊர் என்றால் உண்மையாகவே வேறு ஊர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்து அலுவலகத்தில் ஒன்று, பக்கத்துத் தெருவில் உங்கள் வீட்டில் ஒன்று என்றால் அது ஒரே இடம்தான். ஒரு டிரைவ் மதுரையில் யார் வீட்டிலாவது இருக்கட்டும், மாதம் ஒருமுறை யாரோ போகத்தானே செய்வார்கள், மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் ஏற்றலாமே என்றால், 20 மெகாபிட் ஏற்றும் வேகத்தில் அந்த 45 ஜிபி போக ஐந்து மணி நேரம், அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். முடித்த வீடியோவையும் தேர்ந்தெடுத்த படங்களையும் மட்டும் மேலே ஏற்றுங்கள். டிரைவ், லென்ஸ் எல்லாம் மூடி இறுகுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்க வேண்டும், உப்புக்காற்று கண்ணுக்குத் தெரியாமல்தான் தின்னும்.

ஃபைல் பெயர் தேதியில் தொடங்கட்டும், வருஷம் மாதம் நாள் என்ற வரிசையில், அப்போதுதான் தானாக அடுக்கி நிற்கும். 20250712-பெரியபட்டினம்-பாசிப்பயிற்சி-போஸ்டர்-02 என்பது மாதிரி. இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதினேன், பழைய கம்ப்யூட்டர்களும் அச்சகமும் குழம்பாமல் இருக்க ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. 'ஃபைனல்' என்ற சொல்லை ஃபைல் பெயரில் தடை செய்யுங்கள். ஃபைனலுக்குப் பிறகு நியூ ஃபைனல் வரும், அதற்கும் பிறகு செயலாளர் சொன்ன ஃபைனல் வரும். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் நசுங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக் களப்பணியாளர்களுக்கு ஒருமுறை உட்காரவைத்துக் காட்டுங்கள்.

ஆனால் அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. டாக்குமெண்டாக அனுப்பும்போது, போன் பதிந்து வைத்த இடக்குறிப்பும் கூடவே போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கும் வனத்துறைக்கும் எத்தனை காலத்து இழுபறி என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு அக்காவின் முகம் தெளிவாகத் தெரிகிற, இடமும் நேரமும் பொதிந்த படத்தை நீங்கள் நல்லெண்ணத்தோடு அறிக்கையில் போட்டால், அது அவர் மேல் வழக்குக்குச் சாட்சியாகலாம். ஆகவே வெளியே போகும் எந்தப் படத்திலும் இடக்குறிப்பை நீக்குவது உங்கள் வேலை ஓட்டத்தில் ஒரு கட்டாயப் படி. ஒப்புதலும் அப்படித்தான். தாளில் கையெழுத்து வாங்குவதைவிட, பேட்டியின் தொடக்கத்தில் கேமரா ஓடும்போதே, இது எதற்கு, எங்கெல்லாம் வரும், ஃபேஸ்புக்கில் உங்கள் ஊர்க்காரர்களும் பார்ப்பார்கள் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, அவர் வாயால் சொல்வதைப் பதிந்துவிடுங்கள். அந்த ஒப்புதல் எப்போதும் அந்தக் காட்சியோடேயே இருக்கும், தாள் தொலைந்துவிடும். 18 வயதுக்குள் என்றால் அப்பா அம்மா சம்மதம் இல்லாமல் எடுக்கவே வேண்டாம்.

தேடிக் கிடைக்க வேண்டுமானால் குறிச்சொல் வேண்டும், அதில் ஒரே ஒழுங்கு வேண்டும். ஒருவர் நாட்டுப்படகு என்று எழுதி, இன்னொருவர் வல்லம் என்று எழுதி, மூன்றாமவர் வத்தை என்று எழுதினால் (மூன்றும் ஒன்றில்லை என்று ஒரு பெரியவர் உங்களைத் திட்டவும் செய்வார்) எதுவும் கிடைக்காது. பாசிகளுக்கும் கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து என்று ஊரில் சொல்கிற பெயரையே வைத்து, எந்த எழுத்துக்கூட்டல் என்று ஒரு பக்கப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் ஒரு எக்செல் வரி போதும்: தேதி, ஊர், தென்கடலா வடகடலா, யார், என்ன தொழில், ஒப்புதல் உண்டா. எடுத்த அன்றைக்கே, எடுத்தவரே எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து அந்த அம்மா பெயர் யாருக்கும் நினைவிருக்காது, பிறகு அறிக்கையில் 'ஒரு மீனவப் பெண்' ஆகிவிடுவார்.

தானாகப் பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பயன்படுத்துங்கள், நேரம் மிச்சம்தான், ஆனால் நம் கரையோரப் பேச்சில் காற்றின் பெயரும் மீனின் பெயரும் வந்த இடமெல்லாம் அது தன் இஷ்டத்துக்கு எதையாவது போட்டிருக்கும். ஊர்க்காரர் ஒருவர் கேட்டுத் திருத்தாமல் வெளியே விடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி, பழைய டிரைவ்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து அடுக்கப் போகிறோம் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அந்த வேலை தடைக்காலம் முழுக்க நடந்தும் முடியாது, நடுவில் ஆள் மாறிவிடுவார், பாதி அடுக்கியது முழுசாக அடுக்காததைவிட மோசம். ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றிலிருந்து வருபவை எல்லாம் புது ஒழுங்கில். பழையதை இருக்கிற மாதிரியே, பெயர்கூட மாற்றாமல், ஒரு பெரிய டிரைவில் 'பழையது' என்ற ஒரே ஃபோல்டரில் கொட்டி, அதற்கு இன்னொரு நகலும் எடுத்து மதுரைக்கு அனுப்பிவிடுங்கள். எப்போதாவது அதற்குள் போய் ஒரு படத்தைத் தேடி எடுக்க நேர்ந்தால், எடுத்த அந்தப் படத்துக்கு மட்டும் புதுப்பெயர் வைத்து, எக்செல்லில் வரி போட்டு, புது இடத்தில் வையுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, ஊர்ப் பெரியவர்களின் பேட்டிகள் ஏதாவது அதில் இருந்தால் அவற்றை முதலில் வெளியே எடுத்து, யார் எந்த ஊர் என்று தெரிந்த ஆள் உங்கள் அலுவலகத்தில் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். புது கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த பணத்தில் இரண்டு நல்ல டிரைவும், ஒரு யுபிஎஸ்ஸும், மைக்குக்குக் காற்றுத்தடுப்பும் வாங்கிக்கொள்ளலாம்.